ஏழாம் எண் பாட்டில்

நான் வேலை பார்த்த கடலூர்க் கல்லூரியில் போன மாதம் ஒரு கருவி வாங்கியிருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் அதுவே சொட்டு விடுகிறது. நிறம் மாறியதும் அதுவே நிறுத்திக்கொள்கிறது. கடைசியில் விடையையும் எழுதிக் காட்டுகிறது. ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டு, கேசரியும் காபியும் கொடுத்து, அதைச் சுற்றி நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். "உங்க காலத்துல இது இல்லாம எப்படி சார் கரெக்டா வந்துச்சி?" என்று கேட்டாள், இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண்.

"எப்பவும் வரலைம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வயசானவரின் தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். அது தன்னடக்கம் இல்லை, நடந்த விஷயம். முப்பத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அமிலம் தெறித்துச் சட்டை ஓட்டையானது, பெட்டியோடு பியூரெட்டுகள் நொறுங்கியது எல்லாம் எல்லா ஆய்வகத்திலும் உண்டு. நான் சொல்ல நினைப்பது அறுபதுகளில் நடந்த ஒன்றே ஒன்று.

எனக்குச் சொந்த ஊர் பரங்கிப்பேட்டை. எங்கள் தெருவில் பாதி ஆண்கள் கடிதத்தில்தான் குடும்பம் நடத்தினார்கள். என் வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். எனக்குப் பதினைந்து வயது ஆவதற்குள் அவரை நான்கு தடவை பார்த்திருக்கிறேன். நான்காவது தடவை அவர் வாசலில் வந்து நின்றபோது, விருந்தாளியிடம் சொல்வது போல "வாங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அண்ணனும் வளர்ந்து அதே கடைக்குப் போனார். மைமூனை எனக்கு நிக்காஹ் செய்து வைத்தபோது, நான் கப்பல் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் பெரிய ரகளை. மைமூன் மட்டும் எனக்கு இரண்டாம் தடவை சோறு போட்டாள்.

எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழை வைத்துக்கொண்டு கடலூரில் அலைந்து, வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலை. மூன்று வருஷம் முடிந்தால் நிரந்தரம் ஆக்கலாம், வேண்டாம் என்றால் போகச் சொல்லலாம். போகச் சொன்னால் என்ன செய்வேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணனிடமிருந்து மாதம் தவறாமல் வரும் கடிதம் 'எப்போ வர்றே' என்றுதான் முடியும். ஆகவே அந்த வேலை போனால் மைமூனை விட்டுப் போக வேண்டும். பிறக்கப்போகும் பிள்ளை என்னையும் ஒருநாள் 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லும்.

நிரந்தரம் ஆக்குவதற்குப் பரிந்துரை எழுத வேண்டியவர் ஞானமுத்து சார். டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுப்பவர், எனக்கு மேலே இருந்தவர். வேலை பழகிய முதல் வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரும்பு உப்புக் கரைசலை இரண்டு தடவை விழுங்கினேன், துருப்பிடித்த ஆணியைச் சப்பினது மாதிரி இருந்தது. அப்போதெல்லாம் கரைசலை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டில் வாயால்தான் உறிஞ்ச வேண்டும்.

ஞானமுத்து சாரின் கோபம் மரியாதையாக வரும். சாதாரணமாக "காதர், இங்க வாங்க" என்பார். "காதர், ஒரு நிமிஷம் வர முடியுமா?" என்று கேட்டால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். பி.யூ.சி. படிக்கும் பிள்ளைகளையும் அவர் நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். டைட்ரேஷன் தொடங்கும்முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுவார். "இங்க யாரும் எங்கயும் போகலை" என்பார். பரீட்சை நாளில், மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதும் அதையே சொல்வார். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

டைட்ரேஷன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு கரைசலில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. இன்னொரு கரைசலின் பலம் தெரியும். தெரிந்ததை பியூரெட் என்கிற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து தெரியாததில் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மில்லியில் நிறம் மாறுகிறது என்று பார்த்தால் கணக்குப் போட்டுவிடலாம். நாங்கள் அதிகம் செய்தது பெர்மாங்கனேட்டை இரும்பு உப்பில் விடுவது. கத்தரிப்பூ நிறத்தில் சொட்டு விழும், விழுந்த உடனே காணாமல் போகும். குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் விழுந்த சொட்டு மறையத் தயங்கும். அங்கே கை நிதானத்துக்கு வந்தாக வேண்டும். அடுத்த ஒரு சொட்டு, இல்லை அரைச் சொட்டு. லேசான ரோஜா நிறம் வந்து அப்படியே நிற்கும். "சாயம் வந்துச்சா இல்லையான்னு கண்ணுக்கு சந்தேகம் வரும் பாருங்க, அங்க நிறுத்திடுங்க. நல்லா தெரியுதுன்னா தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்" என்பார் சார்.

அளவு எவ்வளவு என்று மாணவர்கள் கேட்டால் அவர் சொல்லவே மாட்டார். பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக் குனிந்து பார்ப்பார், பார்த்துவிட்டுப் பேசாமல் நிமிர்வார். "சரியா சார்?" என்று பிள்ளைகள் கெஞ்சும். "பார்த்தது நீங்க. நீங்கதான் சொல்லணும்" என்பார். ஒரே அளவு இரண்டு தடவையாவது வர வேண்டும், மூன்றும் வந்தால் நல்லது. இங்கேதான் மாணவர்களின் பழைய திருட்டு ஒன்று உண்டு. ஒரு தடவை செய்துவிட்டு அதே எண்ணை மூன்று வரியிலும் எழுதிவிடுவார்கள். செய்யாத டைட்ரேஷனை நோட்டில் செய்வது. உப்பு திருடினாலும் பொறுத்துக்கொள்வார் சார், அதைப் பொறுக்க மாட்டார்.

கழுவுகிற வேலை என்னுடையது. எதை எதால் கழுவுவது என்பதில்தான் எங்கள் தொழில் பாதி இருக்கிறது. பியூரெட்டையும் பிப்பெட்டையும், அதில் ஊற்றப்போகும் கரைசலாலேயே கடைசியில் ஒரு தடவை அலச வேண்டும். குடுவையைத் தண்ணீரால் மட்டும்தான் அலச வேண்டும். கரைசல் வைக்கும் பாட்டில் சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். என் கை சுத்தம் என்று சாரே இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்.

மூன்றாம் வருஷம் முடியப்போகும் சமயம், சுற்று வட்டாரக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து பி.யூ.சி. மாணவர்களுக்கு ஒரு டைட்ரேஷன் போட்டி வைத்தார்கள். இடம் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகம். பத்து மாணவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி பலத்தில் நூறு மில்லி இரும்பு உப்புக் கரைசல். ஒருவர் விடையை இன்னொருவர் எட்டிப் பார்த்துப் பயன் இல்லை. கரைசல் தயாரிப்பது எங்கள் பொறுப்பு. முதல்நாள் சாயங்காலம் கடலூரில் சார் உப்பை எடை போட்டுக் கொடுத்தார். நான் கரைத்து, அமிலம் சேர்த்து, நூறு மில்லிக் கோடு வரை நிரப்பி, கறுப்பு பாட்டில்களில் மாற்றி எண் ஒட்டினேன். எந்த எண்ணுக்கு எத்தனை மில்லி வர வேண்டும் என்று சார் எழுதி உறையில் போட்டு அரக்கு வைத்தார்.

பாட்டில்களில் மாற்றும்போதுதான் ஏழாம் எண் பாட்டிலில் விரிசல் இருப்பதைப் பார்த்தேன். கரைசலை இன்னும் ஊற்றவில்லை, நல்லவேளை. அலமாரியிலிருந்து வேறு பாட்டில் எடுத்தேன். உள்ளே தூசி இருக்குமோ என்று அதைக் குழாயில் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரால் இரண்டு தடவை அலசி, கவிழ்த்து உதறி, கரைசலை ஊற்றி மூடினேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மைமூனுக்கு ஏழாம் மாதம், காலையில் கால் வீங்கியிருந்தது. பாட்டில் காயவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கழுவினேன் என்கிற திருப்திதான் மனசில் இருந்தது.

மறுநாள் காலை ரயிலில் சிதம்பரம் போனோம். ஏழாம் எண் வந்தது பண்ருட்டியிலிருந்து வந்த கோமதி என்ற பெண்ணுக்கு. ஒல்லியாக இருப்பாள், இரட்டைப் பின்னல். அவளைக் கூட்டி வந்தவர் தாய்மாமா. பலாப்பழ மண்டியில் வேலையாம். ஆய்வக ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், ஒரு பழத்தைச் சாக்கில் சுற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்த எங்களுக்கு ஆய்வக வாசனை தெரியவில்லை, பலாப்பழ வாசனைதான்.

இரண்டு மணி நேரப் போட்டி. நான் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துக்கொண்டு எல்லா மேஜைக்கும் போய் வந்தேன். கோமதியின் கை எனக்குப் பிடித்தது. அவசரம் இல்லை. கடைசிச் சொட்டுகளில் அவள் வாயைக் குவித்து மூச்சை அடக்கிக்கொள்வாள், நிறம் நின்றதும் விடுவாள். எத்தனை தடவை செய்தாள் என்று நான் எண்ணவில்லை. பத்துப் பேரையும் யார் எண்ண முடியும்?

முடிந்ததும் மாணவர்களை வெளியே அனுப்பிவிட்டு உறையைப் பிரித்தார்கள். நடுவர்கள் மூன்று பேர். ஞானமுத்து சார், பேசாத ஒருவர், வெளியூரிலிருந்து வந்த ராமநாதன் சார். நான் ஓரத்தில் தொட்டியருகே பாட்டில்களைச் சேர்த்துக் கழுவத் தொடங்கியிருந்தேன். ஒன்பது தாள்களில் புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு வித்தியாசம்தான். ஏழாம் எண்ணுக்கு வர வேண்டியது 21.2. கோமதி எழுதியிருந்தது 20.6. மூன்று வரியிலும் 20.6.

"இவ்வளவு தப்பா ஒண்ணு வரலாம். மூணும் அச்சடிச்ச மாதிரி தப்பா வருமா?" என்றார் ராமநாதன் சார். "ஒரு தடவை பண்ணிட்டு மூணு தடவை எழுதியிருக்கு. நான் இதை எத்தனை வருஷமா பாக்கறேன்." அவளைக் கூப்பிட்டார்கள். வந்து நின்றாள். மாமாவும் வாசலில் வந்து நின்றார்.

"மூணு தடவையும் பண்ணுனீங்களாம்மா?" என்று ஞானமுத்து சார் கேட்டார்.

"பண்ணுனேன் சார்."

"அப்ப ஏன் தப்பா வந்துச்சி?" இது ராமநாதன் சார்.

"தெரியல சார். மறுபடி பண்ணிக் காட்டறேன்."

"நேரம் முடிஞ்சிது. உனக்கு மட்டும் மறுபடி குடுத்தா மத்தவங்க என்ன கேப்பாங்க? பண்ணாததை எழுதினேன்னு ஒத்துக்கோம்மா. சின்னப் பொண்ணு. ஒத்துக்கிட்டா இதோட விட்டுடறோம். இல்லன்னா உங்க காலேஜுக்கு எழுத வேண்டியிருக்கும்."

"எங்க புள்ளை பொய் சொல்லாது சார்" என்றார் மாமா வாசலிலிருந்து. "கொறைச்சலா மார்க் வாங்கும், பொய் சொல்லாது."

அவள் அழவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள். "பண்ணுனேன்னுதான் நெனைக்கிறேன் சார்" என்றாள். பண்ணுனேன் என்று சொன்னவள், நெனைக்கிறேன் என்று இறங்கியதை நான் கவனித்தேன். அந்த நிமிஷம் என் கையில் இருந்தது ஏழாம் எண் பாட்டில். தொட்டிக்கு மேலே சாய்த்துப் பிடித்திருந்தேன். முதல்நாள் சாயங்காலம் அந்தப் பாட்டிலைக் கவிழ்த்து உதறிய என் கை, உடனே கரைசலை ஊற்றிய என் கை, எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. கறுப்புக் கண்ணாடியில் உள்ளே தேங்கின தண்ணீர் எங்கே தெரியப்போகிறது? நூறு மில்லியில் ஒரு சின்னக் கரண்டித் தண்ணீர் போதும், 21.2 இறங்கி 20.6 ஆகிவிடும். அவள் அளந்தது சரி. பாட்டில்தான் பொய்.

உள்ளே இருபது மில்லியைவிடக் கொஞ்சம் கூடுதலாக மிச்சம் இருந்தது, இன்னும் ஒரே ஒரு டைட்ரேஷனுக்குத் தேவையான அளவு. கையை இன்னும் கொஞ்சம் சாய்த்தால் போதும். கழுவுவதுதான் என் வேலை, யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். பரிந்துரைக் காகிதம் சாரின் மேஜையில் இருந்தது, அந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தார். நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. கை சாய்ந்தது. நாலைந்து சொட்டு தொட்டியில் விழவும் செய்தது. கால் வீங்கிய மைமூனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எப்படி நிமிர்த்தினேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "நெனைக்கிறேன்" என்று அவள் சொன்ன குரல் காதிலேயே இருந்தது. பாட்டிலை எடுத்துக்கொண்டு நடுவர் மேஜைக்குப் போனேன். "சார், இந்தப் பாட்டிலை நான் காய வைக்கல. ஈரத்தோட ஊத்திட்டேன்" என்றேன். எனக்கே கேட்காத குரலில் சொன்னேன் போலிருக்கிறது, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள்.

ஞானமுத்து சார் என்னைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். "காதர், அந்தப் பொண்ணோட பிப்பெட் கழுவிட்டீங்களா?"

"இல்ல சார்."

"கொண்டு வாங்க."

புதுப் பிப்பெட் எடுத்தால் அதை அலசவே கரைசல் காலியாகிவிடும். அவள் பிப்பெட் ஏற்கெனவே அதே கரைசலில் நனைந்தது. பாட்டிலைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். மூலையில் சேர்ந்த கொஞ்சக் கரைசலில் முனையை வைத்து உறிஞ்சினார். முனை ஒரு நூல் மேலே வந்தால் காற்று ஏறிவிடும், எல்லாம் அவர் வாய்க்குப் போய்விடும், அப்புறம் நிரூபிக்க ஒன்றும் இருக்காது. கோமதி வந்து பாட்டிலின் அடியைத் தன் கையால் தாங்கிக்கொண்டாள். கரைசல் கோட்டுக்கு ஏறி நின்றது. பாட்டிலில் பிறகு நாக்கு நனையும் அளவுகூட மிச்சமில்லை.

சார் அமிலம் சேர்த்து, பியூரெட்டின் கீழே குடுவையை வைத்தார். வெளியே கோயிலுக்குப் போகிற மாட்டு வண்டி ஒன்று கடகடவென்று போனது. இருபது வரைக்கும் வேகமாக விட்டார். பிறகு ஒவ்வொரு சொட்டாக. ரோஜா நிறம் வந்தது, சுழற்றினார், நின்றது. அவர் குனிந்து அளவைப் பார்த்தார், வழக்கம்போலச் சொல்லவில்லை. "நீங்க பாருங்க" என்று ராமநாதன் சாருக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

ராமநாதன் சார் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இருபது புள்ளி ஆறு" என்றார். பிறகு கோமதியிடம், "நான் பேசினது தப்பும்மா" என்றார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பல வருஷம் ஏமாந்தவர்.

ஞானமுத்து சார் தன் கையெழுத்தில் இருந்த 21.2-ஐ ஒரு கோடு போட்டு அடித்தார். பேனாவை என்னிடம் நீட்டினார். "காதர், பக்கத்துல காரணத்தை நீங்களே எழுதுங்க" என்றார். 'பாட்டிலில் தண்ணீர் இருந்தது. கவனக்குறைவு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே 20.6 என்று அவர் எழுதினார். மாணவி எழுதியதே சரியான விடையானது. அவளுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே ரயில். நாங்கள் கடலூரில் இறங்குவோம், அவர்கள் பண்ருட்டிக்குப் போவார்கள். மேடையில் நிற்கும்போது சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காதர், ஒரு நிமிஷம் வர முடியுமா?" என்றுதான் கேட்டார்.

"இந்த வருஷம் நான் எழுத மாட்டேன். அடுத்த வருஷம் எழுதறேன். நடுவுல உங்களை வேணாம்னு யாராவது சொன்னா என்கிட்ட வந்து சொல்லட்டும்."

நான் தலையாட்டினேன். வலித்தது, பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மைமூனிடம் சொன்னபோது அவள், "இன்னும் ஒரு வருஷம் டெம்ப்ரவரியா? இருக்கட்டும் மச்சான். இங்கதான இருக்கப்போறீங்க" என்றாள். அடுத்த வருஷம் சார் சொன்னபடி எழுதினார். அதற்குள் என் மகள் என்னைப் பார்த்து 'வாப்பா' என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள்.

ஆனால் ரயிலில் நடந்ததை நான் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். பெட்டிக்குள் மாமா சாக்கைப் பிரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்தார். முதல் சுளையை எனக்குத்தான் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், வாயில் வைக்க முடியவில்லை. எதிரே கோமதி பரிசுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. "மன்னிச்சிக்கம்மா" என்றேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

அவள் மாமா பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, மாமாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அவுங்க சொல்லச் சொல்ல எனக்கே அப்படித் தோணிடுச்சிண்ணே. ஒரு தடவைதான் பண்ணுனனோ, மிச்சத்தை நான்தான் எழுதிட்டனோன்னு. ஒத்துக்கலாம்னு வாயைத் தொறந்துட்டேன். நீங்க பாட்டிலை எடுத்துக்கிட்டு வந்து நின்ன பிறகுதான், மூணு தடவையும் நான் பண்ணுனது எனக்கே ஞாபகம் வந்துச்சி."